வசனம் இல்லாத புருஷன்

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே புழுக்கம். கடல் காற்று இல்லை. பி.பி. மாத்திரை போட்டேன். டாக்டர் எழுதி வைக்கச் சொன்னது இது மட்டும்தான். பேனாவைத் திறந்தால் மற்றதும் வந்துவிடுகிறது. டைரியை பீரோ மேலே, பழைய ஹெல்மெட்டுக்குள் வைக்க வேண்டும்.

இன்று மானம் போன விவரம். நேற்று என் மகள் நிவி, “நைனா, நம்ம நாடகத்துல புருஷனா குந்துறியா?” என்று கேட்டாள். ஆபீஸ் வேலை போக மீதி நேரத்தில் கொருக்குப்பேட்டை படிப்பகத்தில் நாலைந்து பேர் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள். இது அவளே எழுதினது. கேட்டதும் மனசுக்குள் மேடை ஏறிவிட்டேன். விடிந்ததும் வேஷத்துக்குப் பொருத்தமாக மீசையை ஒதுக்கப் போய், இடது பக்கம் பாதி காணாமல் போனது. அதோடு விட்டிருக்கலாம். துறைமுக யார்டில் டீ நேரத்தில் கருணாவிடம் சொல்லித் தொலைத்தேன். கருணா கிரேன் ஓட்டுகிறவன். கீழே நின்று அவனுக்குக் கை காட்டுகிற சிக்னல்மேன் நான். பதினாறு வருஷ ஜோடி.

“மாமு ஹீரோ ஆயிட்டான்டோய்! ஒரு டயலாக் வுடு மாமு.”

விட்டேன். பெஞ்சு மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, தொண்டையைச் செருமி, நானே கட்டின வசனம்: “ஏ பெண்ணே, இந்த வீட்டில் என் வாக்கே வாக்கு!” எட்டு பேர் கை தட்டினார்கள். டீ மாஸ்டரும்.

சாயங்காலம் நிவி காகிதத்தைக் கொடுத்தாள். எட்டுப் பக்கம். முதலிலிருந்து கடைசி வரை தேடினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினேன். புருஷனுக்கு ஒரு வரி கூட இல்லை.

“அவன் பேச மாட்டான் நைனா. வெறும் கைதான் காட்டுவான்.”

“மேடையிலயும் அப்டியேவா நிக்கணும் நானு?”

“மேடையில நீ எங்க வந்த? அது எங்க ஆபீஸ் சதீஷ் பண்றான். அவனுக்கு இந்த வாரம் ஷிஃப்ட்டு ஒத்து வரல. வூட்ல பிராக்டீஸ் பண்ண எதிர்ல ஒரு ஆளு வோணும். அவ்ளோதான்.”

ஆக, ஹீரோ இல்லை. ஆளு. மீசை வளர எத்தனை நாள்?

வசந்தா எதுவும் சொல்லவில்லை. சின்னக் கண்ணாடியைக் கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இருபத்தைந்து வருஷமாக என் மனைவி அப்படித்தான். வாயைச் செலவு பண்ண மாட்டாள்.

ஜூலை 4, வெள்ளி

மாத்திரை ஆச்சு. எம்.கே.பி. நகரிலிருந்து அக்கா போன்.

“டேய், அந்த எண்ணூர் பையன் வூட்ல நிவி போட்டோவ புடிச்சிப் போச்சாம். அடுத்த ஞாயித்துக்கெழம வர்றாங்க. பூ வெச்சிட்டுத்தான் போவாங்க, சொல்லிட்டேன். சூப்பர்வைசர்டா. குடி கெடயாது, பீடி கெடயாது. வாயே தொறக்க மாட்டான், தங்கம். அப்டியே ஒன்ன மாதிரி.”

‘ஒன்ன மாதிரி’ கேட்க நன்றாக இருந்தது. மறைப்பானேன். நிவியிடம் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே, “ஒங்க இஷ்டம் நைனா” என்றாள். நல்ல பெண். வசந்தா வளர்ப்பு.

ஏழு மணிக்கு முதல் ஒத்திகை. நான் தட்டு முன்னால் உட்கார வேண்டும். நிவிதான் பெண்டாட்டி, அவள் பரிமாறுவாள். நான் கை காட்ட வேண்டும். காகிதத்தில் எழுதியிருந்தபடி:

— ஆள்காட்டி விரல் மேலே, சின்ன வட்டம். இன்னும் போடு.
— விரல் கீழே, அதே வட்டம். டிவி சத்தத்தைக் குறை.
— கையை நீட்டி, உள்ளங்கை கீழே, பக்கவாட்டில் ஒரு வீச்சு. போதும், நிறுத்து.
— இரண்டு கையும் வயிற்றுக்கு முன்னால் கோத்து. எல்லாத்தையும் விடு, கிளம்பலாம்.

இதெல்லாம் எங்கள் கிரேன் சைகை ஆச்சே என்றேன். உனக்கு எப்படித் தெரியும்?

“ரிசர்ச்சு” என்றாள்.

ஒரே தடவையில் செய்து காட்டினேன். “செம்ம நைனா! சொல்லியே தர வேணாம் ஒனக்கு.” நடிப்பு ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது போல. யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

ஜூலை 5, சனி

மத்தியானம் நாலு துளி மழை. தூசி வாசனை, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஒத்திகை. அதே சாப்பாட்டுக் காட்சி. நிவி குனிந்து சோறு போடுகிறாள், நான் விரலைச் சுற்றுகிறேன், அவள் நிமிர்ந்து என்னை ஏக்கமாகப் பார்க்கிறாள். நன்றாகத்தான் இருந்தது.

“இல்ல.”

வசந்தா. மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள். நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம்.

“நீ அவன் மூஞ்சிய பாக்குற நிவி. அவ பாக்க மாட்டா. கையத்தான் பாப்பா.”

“ஏம்மா?”

“கைதான எப்ப அசையும்னு தெரியாது. சோறு போடுறப்பவும் கண்ணு அங்கதான் இருக்கும். மோரு ஊத்தசொல்லவும் அங்கதான். மூஞ்சில இன்னா கீது பாக்க?”

திரும்பவும் கீரைக்குப் போய்விட்டாள். தண்டு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம்.

என் கை தட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது, சுமையோடு தொங்குகிற கொக்கி மாதிரி. இறக்கவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. ரிசர்ச்சு எந்த வீட்டில் நடந்தது என்று அப்போதுதான் உறைத்தது. உலகத்திலேயே மெதுவாகப் புரிந்துகொள்கிற ஆள் நான்தான்.

மாத்திரை மறந்துவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

மாத்திரை போட்டேன். காசிமேட்டில் மீன். வழக்கமாக வசந்தா வாங்குவாள். இன்று நானே போகிறேன் என்றேன். ஏதாவது நல்லதாக அவளுக்குப் பிடித்த மீனாக வாங்கலாம் என்று. கூடைகளுக்கு முன்னால் நின்ற பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு எது பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. வஞ்சிரம் எனக்குப் பிடிக்கும். இறால் நிவிக்கு.

மீன் விற்கிற தேவி அடையாளம் கண்டுவிட்டாள். “இன்னா, நீயே வந்துகினு கீற? வசந்தாவுக்கு ஒடம்பு சரியில்லியா? காரப்பொடி மீனு எட்த்துனு போ, அவளுக்கு உசுரு.”

“அதுல வெறும் முள்ளுதான கீது?”

“முள்ள பாத்தா முடியுமா? நாங்க ரெண்டு பேரும் ஒரே கிளாஸு, தண்டார்பேட்டையில. அவதான் லீடரு. ‘பேசாதீங்கடி’ன்னு கத்துவா பாரு, அந்த சத்தத்துல அடுத்த கிளாஸும் சேந்து அமைதியாயிடும். இன்னா வாயி, இன்னா கதை! டீச்சருங்க மாதிரி பேசிக் காட்டுவா, வயிறு வலிக்கும் எங்களுக்கு. இப்பவும் அப்டித்தானா?”

“இப்பவும் அப்டித்தான்” என்றேன். எதற்குப் பொய் சொன்னேன்?

காரப்பொடியைப் பார்த்ததும் வசந்தா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். முகத்தை. பிறகு முறத்தை எடுத்துக்கொண்டாள். மத்தியானம் அவள் சாப்பிடுவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். முள்ளை வாய்க்குள்ளேயே பிரித்து எடுக்கிறாள், எவ்வளவு வேகம். இதையும் இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

மாத்திரை ஆச்சு. வெயில் கொளுத்துகிறது, யார்டில் இரும்பைத் தொட முடியவில்லை.

இன்று ஒரு கோபம். கன்டெய்னர் பெட்டியைத் தூக்கச் சொல்லி நான் கை காட்டிக்கொண்டிருக்கிறேன். யாரோ ஒரு லாரி டிரைவர் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கையையும் விரித்து வீசி அவசர ஸ்டாப் காட்டினான். கருணா உடனே நிறுத்திவிட்டான். நான் இருக்கும்போது எவன் பேச்சையோ கேட்பதா? கத்தினேன். பார்த்தால் பெட்டியை மாட்டின கம்பி ஒரு பக்கம் முறுக்கிக் கிடந்தது. இன்னும் ஒரு அடி போயிருந்தால் பெட்டி சாய்ந்திருக்கும். நான் நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை.

“இன்னா மாமு கோச்சிக்கிற? தூக்கு, எறக்கு எல்லாம் நீ காட்டினாதான் செய்வேன். ஸ்டாப்ப மட்டும் எவன் காட்டினாலும் நிறுத்தணும். நீ சொல்லிக் குட்த்த ரூல்தான?”

நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

வரும் வழியெல்லாம் ஸ்டாப் ஞாபகம். கல்யாணமான புதுசு, ஒரு மாசம் கூட ஆகவில்லை. எங்கள் அம்மாவும் அக்காவும் பார்த்து முடித்த பெண். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதில்லை. துறைமுகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். வசந்தா அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்த கதையைச் சொல்லிக்கொண்டே சோறு போட்டாள். பஸ்ஸில் ஒரு கிழவி சேவலோடு ஏறிவிட்டாளாம். சேவலுக்கும் டிக்கெட் எடு என்று கண்டக்டர் சொல்ல, கிழவி சேவலையே அவன் கையில் கொடுத்து, நீயே கேட்டு வாங்கிக்கோ என்றாளாம். “அதுக்கு அந்தக் கண்டக்டர் இன்னா சொன்னான் தெரியுமா?” என்றாள். நான் தலை நிமிராமல் கையை நீட்டி ஒரு வீச்சு வீசினேன். ஸ்டாப்.

நிறுத்திவிட்டாள்.

அதன் பிறகு அவள் கதை சொல்லி எனக்கு ஞாபகம் இல்லை. அமைதியான பெண் கிடைத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜூலை 10, வியாழன்

மாத்திரை ஆச்சு. கரண்ட் இல்லை, இரண்டு மணி நேரம். விசிறிக்கொண்டே நிவியோடு மொட்டை மாடியில்.

கேட்டுவிட்டேன். “அந்தப் புருஷன் கெட்டவனா?”

“இல்ல நைனா. கெட்டவனா இருந்தா அவளுக்கு ஈஸி. ஊரே அவ பக்கம் நின்னிருக்கும். அடிக்கல, குடிக்கல, சம்பாரிச்சிக் கொண்டாறான். இன்னான்னு சொல்லி அழுவா? வூட்ல சண்ட இல்ல. ஆச இல்ல. ரெண்டுமே இல்லாத எடத்துல இருந்து இருந்து ஒரு பொம்பள இன்னா ஆவா, அதான் எனக்கு வோணும்.”

“இன்னா ஆவா?”

“அவன் இல்லாதப்ப குக்கர்கிட்ட பேசுவா. மிக்ஸிய திட்டுவா. அவன் செருப்பு சத்தம் கேட்டா வாய மூடிக்குவா. எது வோணும்னு யாரு கேட்டாலும் ‘ஒங்க இஷ்டம்’னுவா. மொதல்ல கோவத்துல சொல்லுவா. அப்பறம் பழக்கத்துல. கடைசியில நெஜமாவே அவளுக்கு இன்னா வோணும்னு அவளுக்கே தெரியாது. அதான் நைனா நடிக்க கஷ்டம்.”

நான் விசிறினேன். அவள் பக்கமும் கொஞ்சம் காற்று போகட்டும் என்று.

படுத்த பிறகு எனக்காக நானே வக்கீலாகிப் பார்த்தேன். வசந்தாவுக்கு நான் செய்தது: வாஷிங் மெஷின். பல் பிடுங்க நான்கு நாள் கூடப் போனேன். அவள் அப்பா இறந்தபோது முன்னால் நின்று எல்லாம் செய்தேன். ஒரு நாளும் அடித்ததில்லை. லிஸ்ட் நீளமாகத்தான் வந்தது. அதில் பேச்சு என்று ஒன்று இல்லை.

பிறகு அந்த ‘ஒங்க இஷ்டம்.’ போன வெள்ளிக்கிழமை நிவி என்னிடம் சொன்னாளே, அது நாடகமா, நிஜமா?

ஜூலை 12, சனி

மாத்திரை ஆச்சு. மீசை ஓரளவு சமம்.

படிப்பக மாடியில் நாடகம். அறுபது நாற்காலி, நூறு பேர், மூன்று ஃபேன். நானும் வசந்தாவும் மூன்றாவது வரிசை. நடுவில் கூட்ஸ் வண்டி போனது, முடியவே முடியாத நீளம். நிவி வசனத்தை நிறுத்தவில்லை. வண்டி சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொண்டே இருந்தாள். வண்டி போய் முடிந்த நொடி புருஷன் உள்ளே வர, வாயை மூடிக்கொண்டாள். ஜனங்கள் கப்சிப்.

சதீஷ் கை காட்டக் காட்ட எல்லோருக்கும் சிரிப்பு. வசந்தாவுக்கு எல்லோரையும் விட அதிகச் சிரிப்பு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் என் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் ஒரு அம்மா: “அடியே, நம்ம வூட்டாள வந்து பாத்துட்டு எய்துன மாதிரியே கீதுடி!”

முதலில் ஆறுதலாக இருந்தது, நான் மட்டும் இல்லை என்று. அப்புறம் அதுவும் ஆறுதலாக இல்லை.

கடைசிக் காட்சி. புருஷன் வேலைக்குப் போய்விட்டான். அவள் தனியாக நின்று பாத்திரங்களுக்குக் கை காட்டுகிறாள். தூக்கு. இறக்கு. ஒன்றும் அசையவில்லை. விளக்கு அணைந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். வசந்தாவும் சிரிக்கவில்லை. மடியில் அவள் ஆள்காட்டி விரல் சின்னதாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

நடந்து வரும்போது அவளே பேசினாள். “அந்தப் பையனுக்கு கை சரியா வரல. நீங்க இன்னும் நல்லா காட்டுவீங்க.”

பாராட்டா, சூடா? முகத்தைப் பார்த்தேன். தெரு விளக்கில் ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம். மாத்திரை போட்டேனா, ஞாபகமில்லை.

பதினோரு மணிக்கு எண்ணூர்க்காரர்கள். பையன், அவன் அம்மா, ஒரு சித்தி. அக்கா அவர்களுக்கு முன்னாலேயே வந்து நாற்காலிகளை இடம் மாற்றி, என்னைச் சட்டை மாற்ற வைத்தாள். நிவி பச்சைப் புடவை. கேசரி, பஜ்ஜி, காபி.

பையன் நல்ல உயரம், மரியாதையாக உட்கார்ந்தான். ஒரு வார்த்தை இல்லை. தட்டில் மறுபடி கேசரி வைக்க அக்கா போனபோது, தட்டுக்கு மேல் உள்ளங்கையை லேசாக அசைத்தான். அவன் அம்மா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து தட்டை வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

பார்த்தேன். அடுப்படி வாசலில் காபித் தட்டோடு நின்ற வசந்தாவும் பார்த்தாள்.

“பொண்ணு இன்னா சொல்லுது?” என்றது சித்தி.

“ஒங்க இஷ்டம்” என்றாள் நிவி, தரையைப் பார்த்து. அதே குரல்.

“அப்பறம் இன்னா, நல்ல நேரம் போவுது, பூவ வெச்சிடலாம்” என்று அக்கா பூப்பொட்டலத்தைப் பிரித்தாள்.

அப்போது வசந்தா காபித் தட்டைக் கீழே வைத்தாள். நேராக என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் தோள் உயரத்துக்கு விரித்தாள், உள்ளங்கை கீழே, இரண்டு வீச்சு. அவசர ஸ்டாப். யார்டில் இதை விடச் சுத்தமாக யாரும் காட்டினதில்லை.

யோசிக்கவில்லை. அந்தச் சைகைக்கு யோசிக்கக் கூடாது.

“அக்கா, நிறுத்து.”

“இன்னாடா?”

“நிறுத்துன்னேன். நிவி, ஒனக்கு இஷ்டமா? என் இஷ்டம் வோணாம். ஒன்னுது.”

“நைனா, எல்லாரும் கீறாங்க...”

“இருக்கட்டும். சொல்லு.”

எவ்வளவு நேரம் என்று தெரியாது. காபியில் ஆடை கட்டியது. நானும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் இது வேறு மாதிரி. காது கொடுத்துக்கொண்டு.

“வேணாம் நைனா” என்றாள். பிறகு சத்தமாக, “எனக்கு வேணாம்.”

கையெடுத்துக் கும்பிட்டேன். மன்னிச்சிக்கோங்க, முன்னாடியே கேட்டிருக்கணும், தப்பு என்னுது என்றேன். பையனின் அம்மா எழுந்தாள். பையன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினான். “கேசரி நல்லா இருந்துச்சிங்க ஆன்ட்டி” என்றான். அதுவரை எங்கே வைத்திருந்தான் இந்த வாக்கியத்தை? பாவமாக இருந்தது. யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும். நான் சொல்லியிருக்கலாம்.

அக்கா பொரிந்து தள்ளினாள். “ஒன் வூட்ல ஆருடா பேச்சு நடக்குது? அவ கைய ஆட்டுறா, நீ கத்துற!”

“ஸ்டாப்ப யாரு காட்டினாலும் நிறுத்தணும் அக்கா. ரூல் அது.”

“இன்னா எழவு ரூலோ!” பூவை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ ஏறினாள். நிவி உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு படுத்தாள். அழுத மாதிரி இல்லை. தூக்கம் வந்த மாதிரி.

மத்தியானம் மீந்த பஜ்ஜியை வைத்துக்கொண்டு நானும் வசந்தாவும் தரையில்.

“எண்ண நெறைய குடிச்சிடிச்சி” என்றாள்.

“நல்லாத்தான் கீது.”

என் கை மடியில் இருந்தது. வசந்தாவின் கண்ணும் அங்கேதான் இருந்தது, அடுத்து எதற்கு அசையுமோ என்று. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அவள் நிமிர்ந்தாள்.

“இன்னாங்க?”

வாய் வரைக்கும் வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷம் கழித்து அதைக் கேட்டால் சிரிப்பாளா, எழுந்து போய்விடுவாளா. “வெங்காய பஜ்ஜி இன்னொண்ணு கீதா?” என்றேன். எடுத்து வைத்தாள்.

கேட்க இருந்தது அதுவல்ல.

அந்தக் கண்டக்டர் இன்னா சொன்னான், வசந்தா?